விழுத்தினது ஆர்

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் வரும் பெண் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

எங்கள் பக்கத்து நூலகத்தில் செவ்வாய்க்கிழமை காலைகளில் தமிழ் ஆட்களுக்கு ஒரு வாசிப்பு வட்டம் நடக்கிறது. பழைய இங்கிலிஸ் கதைகளைச் சுருக்கிப் பெரிய எழுத்தில் போட்ட புத்தகங்களைத் தருவார்கள். வீட்டில் வாசித்துவிட்டு வந்து கதைக்க வேண்டும். நான் ஊரில் பதினொராம் வகுப்பு ஓ.எல். சோதனையில் இங்கிலிசில் சித்தியடையாதவள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். வேலையிடத்தில் பேசும் இங்கிலிஸ் தெரியும், புத்தக இங்கிலிஸ் தெரியாது. அதைக் கொஞ்சம் பழகலாம் என்றுதான் போகத் தொடங்கினேன். கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். முதல் இரண்டு மாதமும் வணக்கம், போட்டு வாறன் என்ற இரண்டைத் தவிர வேறு எதுவும் நான் அங்கே சொன்னதில்லை.

வட்டத்தை நடத்துவது நூலகத்தில் வேலை செய்யும் ஒரு பிள்ளை. நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் பிறந்தவள். எங்கள் எல்லோரையும் அன்ரி, அங்கிள் என்பாள். எங்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு கதைக்கும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் அடித்துத் தருவாள். அந்த முறை தந்த தாளில், ஓர் அரசி இங்கிலாந்தை ஆண்ட காலத்தில், ஒரு சிறிய ஊரின் சலவைக்கூடத்தில், பெரிய மனிதர்களின் கொலர்களுக்குக் கஞ்சி போட்டு அயன் பண்ணும் ஒரு பெட்டையைப் பற்றி எழுதியிருந்தது. அவள் தாயில்லாதவள், மாமி வீட்டில் வளர்ந்தவள். ஊர் நிலப்பிரபுவின் தங்கை மகன் அவளோடு பழகினான். அதற்கு அடுத்த வரி இது: அவள் விழுந்த பெண்ணாக ஆனபடியால் மாமி அவளை வீட்டை விட்டு வெளியேற்றினார்.

விழுந்த ஒருத்தியை ஏன் வீட்டை விட்டு அனுப்ப வேண்டும்? எனக்கு அது விளங்கவே இல்லை. இங்கிலிஸ் புத்தகத்தைத் திறந்து தேடிப் பார்த்தேன். எந்தப் பக்கத்தில் விழுந்தாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

விழுவது பற்றி எனக்குத் தெரியும். என் வேலையில் பாதி அதுதான். ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆராவது கேள்வி கேட்கப்போறியளா என்று அந்தப் பிள்ளை கேட்டபோது, என் கை தானாக மேலே போய்விட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவ எந்த இடத்தில விழுந்தவ?” என்று கேட்டேன். “படியிலயா, குளிக்கிற இடத்திலயா?”

அந்தப் பிள்ளை தன் தாளைப் புரட்டினாள். விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து நான் தொடர்ந்தேன்.

“தரை ஈரமா இருந்ததோ? பக்கத்தில ஆரும் நிக்கேல்லையோ?”

முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா, “ஐஸில வழுக்கியிருப்பா. வாசல் ஐஸ் கரைய உப்புப் போடேல்லைப்போல!” என்றார். அதோடு அறை முழுக்கச் சிரித்தது. சிலருக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது.

எங்கள் வட்டத்தில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். ஊரில் இங்கிலிஸ் படிப்பித்தவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தங்கச்சி, இது காலால விழுகிறது இல்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஒழுக்கம் தவறின பொம்பிளையை அப்பிடித்தான் சொல்லுறது. எங்கட பாசையில கெட்டுப்போனவள்” என்றார்.

“சொறி அன்ரி, அது என்ர மிஸ்டேக்” என்று அந்தப் பிள்ளை முகம் சிவக்கச் சொன்னாள். “கம்பியூட்டர்ல போட்டு ட்ரான்ஸ்லேட் பண்ணினனான். செக் பண்ணேல்லை.”

பரவாயில்லை என்று தலையாட்டினேன். இடைவேளையில் தேத்தண்ணி குடிக்க எல்லோரும் எழும்பியபோது, குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் எனக்கு உறைத்தது அவர்கள் சிரித்தது அல்ல. கெட்டுப்போனவள் என்ற சொல். அதைக் கடைசியாக நான் கேட்டது பதினாறு வருஷங்களுக்கு முன், அண்ணையின் வீட்டுக் குசினிக்குள். அது என்னைப் பற்றியது. நான் விறாந்தையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது.

நான் புருஷனை விட்டு வந்தவள். அவர் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. அடிக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை, பிறகென்ன என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். தன்னைக் கேட்காமல் பராமரிப்பு வேலைக்கான வகுப்பில் சேர்ந்தேன் என்பதுதான் காரணம். பதினொரு மாதம் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளைக் கூப்பிட்டு, “அம்மாவிட்டச் சொல்லு” என்பார். நான் அதே மேசையில்தான் இருப்பேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒருநாள் அவள் தன் பொம்மைகளை வரிசையாக இருத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு பொம்மையை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். “உது அம்மா. உதோட ஒருத்தரும் கதைக்கக் கூடாது” என்றாள். அந்தக் கிழமையே நான் அவளையும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு மில்லிக்கன் என்ற இந்தப் பகுதிக்கு வந்துவிட்டேன்.

அடுத்த குளிர்காலத்தில், பனி கொட்டிய ஒரு பின்னேரம், எங்கள் முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்யும் பிலிப்பீன்ஸ்காரர் ஒருவர் என்னைக் காரில் கொண்டுவந்து பிளாசா வாசலில் இறக்கிவிட்டார். அதை யாரோ பார்த்தார்கள். நான் புருஷனை விட்டதே அவருக்காகத்தான் என்று சனம் கதை கட்டிவிட்டது. பிரிந்து பத்து மாதத்துக்குப் பிறகுதான் அவரை எனக்குத் தெரியும் என்று அப்போது எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன். இப்போது விளங்கப்படுத்துவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நானும் கோப்பி குடிக்கப் போவோம். அதற்கு மேல் அது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. யாருக்கும் அது தேவையில்லை.

எங்கள் முதியோர் இல்லத்தில் யாராவது விழுந்தால் நிரப்புவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. நேரம், இடம், தரை ஈரமா, காலில் என்ன செருப்பு, கட்டிலின் பிரேக் போட்டிருந்ததா, வெளிச்சம் போதுமா, அழைப்பு மணி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததா, கடைசியாக அவரைப் பார்த்தது யார். இத்தனை கேள்விகளிலும் விழுந்தவர் நல்லவரா கெட்டவரா என்று ஒரு கேள்வி இல்லை. இன்னொன்றும் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். விழுந்து கிடக்கும் ஆளைக் கண்டவுடன் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. பக்கத்தில் முழங்காலில் இருந்து, எங்கே நோகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

நான் ஊரில் படித்தது வெள்ளைக்காரச் சீமாட்டிகள் தொடங்கிய பள்ளிக்கூடத்தில். அந்த அரசியின் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் என்று சொல்வார்கள். தேர்ச்சி அறிக்கையில் கணக்கு, தமிழ் எல்லாம் முடிந்து, அடியில் நடத்தை என்று ஒரு கோடு இருக்கும். எனக்கு மற்றப் பாடங்களில் என்ன வந்தாலும் அந்தக் கோட்டில் மட்டும் எப்போதும் ‘மிக நன்று’ வரும். வாய் திறக்காத பிள்ளைக்கு அது சும்மா கிடைக்கும். சலவைக்கூடப் பெட்டையின் கதையை வாசிக்கும்போது அவளைச் சுற்றி இருந்த எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கே நோகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அண்ணையின் மனைவி, என் மச்சாள், யூனியன்வில்லில் இருந்து வந்தார். என் மகளின் கல்யாணத்துக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இருந்தது. மாப்பிள்ளையை மகள்தான் விரும்பியவள். ஆனாலும் மண்டபம், ஐயர், மேளம் எல்லாவற்றையும் மச்சாள்தான் ஓடியோடிப் பார்த்தார். அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும், அன்றும் சொன்னேன். மச்சாள் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ ஆறிவிட்டது.

“மச்சாள், ஒண்டு சொல்லுவன், குறை நினைக்காதேங்கோ” என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

“சொல்லுங்கோ.”

“தாரை வார்க்க நானும் உங்கட அண்ணையும் நிக்கிறம். சோடியா நிக்கவேணும்தானே.”

“ஓம், அதுதானே முந்தியே கதைச்சது.”

“ஆலாத்தியும் நானும் என்ர தங்கச்சியும் எடுக்கிறம். நீங்கள் மணவறைப் பக்கம் வந்து கஷ்டப்படத் தேவையில்லை. ரெண்டாவது வரிசையில வடிவா ஒரு கதிரை போடுவிக்கிறன். உங்களுக்கும் கூட்டம் எண்டால் பயம்தானே?”

“ரெண்டாவது வரிசையோ?”

“முதல் வரிசையில மாப்பிள்ளை வீட்டாக்கள். பிறகு…” மச்சாள் கோப்பையைக் கீழே வைத்தார். “அத்தானும் வாறார். விட்பியில இருந்து. பிள்ளையின்ர தகப்பன் எண்டு முன்னுக்கு இருத்தத்தானே வேணும். சனம் என்ன சொல்லும்?”

நான் தலையாட்டினேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஆட்டினேன். பதினாறு வருஷமாக ஆட்டிப் பழகிய தலை. மச்சாள் நிம்மதியாகச் சிரித்து, மிச்சத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போனார்.

ஆலாத்தி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தட்டில் வாழைப்பழத் துண்டுகளை வைத்து, அவற்றில் திரி குத்திக் கொளுத்தி, இரண்டு பெண்கள் எதிரெதிராக நின்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பொம்பிளை மாப்பிள்ளைக்கு முன்னால் மூன்று தரம் சுற்றுவது. கண்ணூறு படாமல் இருக்க. கட்டியவர் உயிரோடு இருக்கும் பெண்கள்தான் எடுக்கலாம் என்பது வழக்கம். அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் வழக்கப்படி பார்த்தாலும் என்னைக் கட்டியவர் உயிரோடுதான் இருக்கிறார். விட்பியில் இருக்கிறார். முதல் வரிசையில் அவருக்குக் கதிரை.

அந்த ஞாயிறும் திங்களும் நான் புத்தகத்தின் மிச்சத்தை வாசித்தேன். சலவைக்கூடப் பெட்டைக்குப் பிள்ளை பிறக்கிறது. வேறு ஊருக்குப் போய், தெரியாத வீடுகளில் உடுப்புத் துவைத்து அந்தப் பிள்ளையை வளர்க்கிறாள். நன்றாகத்தான் வளர்க்கிறாள். அவளோடு பழகியவன் நிலத்துக்குச் சொந்தக்காரனாகி, பிறகு நீதவானாகி, தேவாலயத்தில் முன் வாங்கில் இருக்கிறான். கடைசியில் ஊரில் கொள்ளைநோய் வர, அவள் எல்லோரையும் பராமரிக்கிறாள். பராமரித்துத் தானும் செத்துப்போகிறாள். அப்போதுதான் ஊர் அவளை நல்லவள் என்கிறது. அதற்கு முன் அந்த வட்டத்தில் இரண்டு கதைகள் வாசித்திருந்தோம். அவற்றிலும் அப்படிப்பட்ட ஒருத்தி வருவாள், அவற்றிலும் அவள் சாவாள்.

செவ்வாய்க்கிழமை போகாமல் விடலாம் என்று காலையில் இரண்டு தரம் கோட்டைக் கழற்றினேன். பிறகு போனேன்.

முன்வரிசை அக்கா என்னைக் கண்டதும், “வாங்கோ, வாங்கோ. இண்டைக்குத் தரையை நல்லாத் துடைச்சுத்தான் வைச்சிருக்கினம்!” என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்குக் கதவுப்பக்கம் இருக்கவில்லை.

மாஸ்டர் அன்றைக்கு நன்றாகப் பேசினார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் பெயர்தான் அவளுடைய சொத்து, கட்டிய பெண்ணுக்கு வேறு எதுவும் சொந்தமில்லை, உடுத்த உடுப்புக்கூட அவனுடையதுதான் என்று விளங்கப்படுத்தினார். அந்த எழுத்தாளர் அவளை எவ்வளவு இரக்கத்தோடு எழுதியிருக்கிறார் என்றார். அவர் முடித்ததும் நான் கையைத் தூக்கினேன். மற்றக் கையால் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மாஸ்டர், போன கிழமை நான் கேட்டது பிழையான கேள்வி இல்லை” என்றேன்.

“எது தங்கச்சி?”

“அவ எங்க விழுந்தவ எண்டு. எங்கட வேலையில ஒராள் விழுந்தால் அதைத்தான் கேக்கிறது. தரை ஈரமோ, ஆர் ஈரமாக்கினது, ஆர் பக்கத்தில நிண்டது எண்டு. இந்தப் புத்தகம் முழுக்க அவள் விழுந்தாள், விழுந்தாள் எண்டுதான் கிடக்கு. விழுத்தினது ஆர் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. எங்கட பாசையில ரெண்டு சொல் இருக்கெல்லோ? விழுந்தது ஒண்டு, விழுத்தினது ஒண்டு. கோப்பை விழுந்தது எண்டு பிள்ளையள் சொன்னால் நாங்கள் விடுறமே? நீ விழுத்தினனியோ எண்டுதானே கேக்கிறம்?”

முன்வரிசை அக்கா, “அது சரிதான்” என்றார். இந்த முறை பகிடி இல்லை.

மாஸ்டர் கோபப்படவில்லை. “ஆனால் எழுதினவர் அவளுக்காக இரங்கித்தான் எழுதினவர். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய துணிவு.”

“இரங்கினவர் ஏன் அவளை உயிரோட விடேல்லை? அவன் நீதவான். அவள் பிரேதம்.”

“சாகாட்டி அந்தக் காலத்துச் சனம் அவளை வாசிச்சிருக்காது, தங்கச்சி. அதுதான் உண்மை. செத்தால்தான் மன்னிக்கும்.”

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கும் உண்மையைச் சொல்லத் தோன்றியது.

“நானும் அப்பிடி ஒருத்திதான், மாஸ்டர். விட்டிட்டு வந்தனான். சனம் கதைச்ச கதை இஞ்ச கனபேருக்குத் தெரியும். நான் சாகேல்லை. மில்லிக்கன்ல இருக்கிறன். என்னை ஒருத்தரும் மன்னிக்கவும் தேவையில்லை, வாசிக்கவும் தேவையில்லை.”

எனக்குக் காது இரண்டும் சுட்டது. நூலகப் பிள்ளை, “அன்ரி, ஓ மை கோட்” என்று மட்டும் சொன்னாள். அவளுக்குத் தமிழ் வரவில்லை. மாஸ்டர் தன் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். தேத்தண்ணி இடைவேளையில் எனக்கு ஒரு கோப்பையை அவரே ஊற்றிக்கொண்டு வந்து தந்தார்.

அடுத்த நாள் மகள் என்னை மத்தியான வேலைக்குக் காரில் கொண்டுபோனாள். இல்லத்து வாசலில் நிறுத்தியதும் நான் இறங்கவில்லை.

“பிள்ளை, கல்யாணத்தில நான் எங்க நிக்கவேணும் எண்டு உனக்கு விருப்பம்?”

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மாமி சொன்னவ, நீங்கள் மணவறைக்கு வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டியளாம்.”

“நான் சொல்லேல்லை. தலையாட்டினனான்.”

“அம்மா!” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “ஐ வாண்டட் யூ அப் தேர். கேக்கப் பயமா இருந்தது. நீங்கள் எப்பவும் பின்னுக்குப் போய் ஒளிவியள். என்ர பட்டமளிப்பு விழாவிலயும் தூணுக்குப் பின்னாலதானே நிண்டனியள். போட்டோவில உங்கட ஹாண்ட்பாக் மட்டும்தான் இருக்கு.”

அது உண்மை. அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இடைவேளையில் மச்சாளுக்கு போன் எடுத்தேன். சொல்ல வேண்டியதைப் பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் தலையாட்டிவிடுவேன்.

“மச்சாள், தாரை வார்க்கிறது நீங்கள் ரெண்டு பேரும்தான். ஆனால் ஆலாத்தி நான் எடுப்பன்.”

“ஐயோ, உதென்ன இப்ப புதுசா? ஐயர் என்ன சொல்லுவார்? மாப்பிள்ளை வீட்டாக்கள்…”

“பிள்ளைக்குக் கண்ணூறு படக் கூடாது எண்டுதானே ஆலாத்தி? என்னை விட அவளுக்கு அதில அக்கறை உள்ள ஆள் ஆர், சொல்லுங்கோ.”

“நான் உங்கட அண்ணையோட கதைச்சுச் சொல்லுறன்” என்று மச்சாள் போனை வைத்தார். கல்யாணம் வரையும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று எனக்கு இரண்டாவது வரிசையில் வடிவான கதிரைதான் போட்டிருந்தார்கள். முன்னால், முதல் வரிசையில், என்னைக் கட்டியவர் இருந்தார். பட்டு வேட்டி, சரிகைச் சால்வை. ஆட்கள் வந்து கை கொடுத்தார்கள். அவருடைய பிடரி எனக்கு நேர் முன்னால் இருந்தது. அவரோடு எனக்கு இப்போது கோபம் இல்லை. முதல் வரிசையோடுதான் கோபம்.

தாலி கட்டி முடிந்தது. ஆலாத்தி எடுக்க வரச் சொல்லி ஐயர் கூப்பிட்டார். மச்சாளும் அவர் தங்கச்சியும் சேலையைச் சரிசெய்தார்கள். நான் எழும்பினேன். முன்னூறு பேர் இருந்தார்கள். மணவறைக்கு நாலு படி. அந்த நாலு படியிலும் ஈரம் இல்லை, வெளிச்சம் போதும், காலில் செருப்பும் இல்லை. வேலையிடத்தில் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே ஏறினேன். சிறு மேசையில் இருந்த ஆலாத்தித் தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆலாத்தித் தட்டை ஒருவர் தனியாகச் சுற்ற முடியாது. மற்றப் பக்கத்துக்கு ஆள் வேண்டும். மச்சாளின் தங்கச்சி என்னைப் பார்த்துவிட்டு மெல்ல மேளக்காரர் பக்கம் ஒதுங்கினார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்கு அடுத்த கல்யாணம் இருந்தது. திரிகள் எரிந்துகொண்டிருந்தன. வீடியோ எடுக்கும் தம்பி கமெராவுக்குப் பின்னால் இருந்து சத்தமாக, “மற்றப் பக்கம் ஆர்? கெதியா வாங்கோ, நூந்துபோகப்போகுது!” என்றான்.

மச்சாள் முன்னூறு பேரையும் பார்த்தார். அவர்கள் எல்லோர் கையிலும் போன் இருந்தது. பிறகு மகளைப் பார்த்தார். மகள் மாலைக்குள் இருந்து, கண்ணை இமைக்காமல், மச்சாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சாள் வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

முதல் சுற்றில் வாழைப்பழத் துண்டு ஒன்று தட்டில் அசைந்தது.

“மச்சாள், விழுத்திப்போடாதேங்கோ” என்று அவர் பல்லைக் கடித்தபடி, கமெராவுக்குச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

“நான் விழுத்தமாட்டன்” என்றேன். “நீங்கள் உங்கட பக்கத்தை வடிவாப் பிடியுங்கோ.”

இரண்டாவது சுற்றில் ஒரு துண்டும் அசையவில்லை. மூன்றாவது சுற்றை நான்தான் மெதுவாக்கினேன்.